வாசகர் கேள்வி – பதில்: ஊர்க் கோயிலுக்கு வயது பார்ப்பது எப்படி?

கேள்வி: பொறையாறு பக்கத்தில் எங்களுடையது சிறிய லுத்தரன் சபை. கோயில் முகப்புக் கல்லில் 1881 என்று இருக்கிறது. பெரியவர்களோ சபை அதற்கும் வெகு முந்தியது என்கிறார்கள். 150-ஆம் ஆண்டு விழாவுக்கு எந்த வருஷத்தைப் பிடிப்பது?

பதில்: பெரியவர்கள் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706 ஜூலை 9. அங்கே புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டையானது. தஞ்சை அரசின் எல்லைக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் இஷ்டம்போல் நுழைய முடியாத அந்தக் காலத்தில், உள்ளூர் உபதேசியார்களும் 1733-ல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஐயரும்தான் (போதகரை ஐயர் என்பது சபை வழக்கம்) ஊர் ஊராக நடந்தார்கள். கிராமங்களில் முதலில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஜெபம் நடக்கும். அடுத்துக் கூரை வேய்ந்த ஜெபவீடு வரும். வார நாட்களில் அதுவே பள்ளிக்கூடம். செங்கல் சுண்ணாம்புக் கட்டடம் எழும்ப இன்னும் ஒரு தலைமுறை ஆகலாம்.

ஆகவே மூன்று தேதிகளைத் தனித்தனியாகத் தேடுங்கள்: உங்கள் ஊராருக்கு முதல் ஞானஸ்நானம், முதல் ஜெபவீடு, இப்போதைய கட்டடத்தின் பிரதிஷ்டை. முதல் தேதி உங்கள் கோயில் பீரோவில் கிடைக்காமல் போகலாம். கிளைச் சபைகளுக்கு ஏடு, அதாவது சபைப் பதிவேடு, தனியாகப் பிறகுதான் வந்தது. அதுவரை எல்லாம் தாய்ச் சபை ஏட்டில்தான் ஏறியது. அந்த ஏட்டில் ஆளின் பெயரைத் தேடிப் புரட்டாதீர்கள். ஊர்ப் பெயர் எழுதிய பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போங்கள், வேலை சீக்கிரம் முடியும். மயிலாடுதுறை என்று எங்கும் இருக்காது. மாயவரம், மாயூரம் என்றுதான் இருக்கும்.

கல்லையும் கொஞ்சம் சோதியுங்கள். ‘மூலைக்கல்’ என்று செதுக்கியிருந்தால் அதில் ‘லை’ எப்படி இருக்கிறது? லகரத்துக்கு முன்னால் யானைத் துதிக்கைபோல வளைந்த கொம்பு இருந்தால் பழைய எழுத்து. இன்று நாம் எழுதுவதுபோல் இருந்தால், அந்தக் கல் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வெட்டியது. பழுதுபார்த்தபோதோ நூற்றாண்டு விழாவின்போதோ வைத்திருப்பார்கள். அப்படியானால் 1881 என்பது யாரோ கணக்கிட்டு எழுதிய வருஷம், அதற்கு வேறு சான்று வேண்டும். அஸ்திபாரக் கல்லா, பிரதிஷ்டைக் கல்லா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பணத் தட்டுப்பாடு வந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே பல வருஷம் ஓடியிருக்கும்.

பெயின்ட் அடித்து எழுத்து மறைந்திருந்தால் ஆசிட், கம்பி பிரஷ் இரண்டும் கல்லைக் கெடுத்துவிடும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி செய்து படம் எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெரியும்.

எந்த வருஷத்தைக் கொண்டாடினாலும் அழைப்பிதழில் ‘சபையின் 150-ஆம் ஆண்டு’ என்றோ ‘ஆலயப் பிரதிஷ்டையின் 150-ஆம் ஆண்டு’ என்றோ தெளிவாகப் போட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

கேள்வி: பழைய ஏட்டில் ௲௮௱௭௰௬ என்றும் ‘தாது ௵ மாசி ௴’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே வருஷமா?

பதில்: மாதத்தைப் பொறுத்து ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்று தள்ளியும் இருக்கலாம். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ௮௱ என்றால் எண்ணூறு, ௭௰ என்றால் எழுபது, மொத்தம் 1876. சில எழுத்தர்கள் இடமதிப்புப்படி ௧௮௭௬ என்றே எழுதினார்கள். ௧ ககரம்போலவும், ௭ எகரம்போலவும், ௮ அகரம்போலவும், ௰ யகரம்போலவும் தெரிவதால், எண்ணை ஏதோ பெயர்ச் சுருக்கம் என்று நினைத்துத் தாண்டிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி.

தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்து 1877 ஏப்ரலில் முடிந்தது. மாசி என்றால் அது 1877. சித்திரை முதல் கார்த்திகை வரை 1876 என்று எழுதலாம். தை, மாசி, பங்குனிக்கு 1877. மார்கழிக்கு மட்டும் நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அறுபது வருஷத்துக்கொரு தடவை பெயர் திரும்பி வரும் என்பதால் 1936–37-ம் தாதுதான். மையையும் கையெழுத்தையும் ஏட்டின் முன்பின் பக்கங்களையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்று ஜனங்கள் நினைவில் நின்ற காலம் 1876–78. அந்த வருஷங்களின் அடக்கப் பதிவேட்டை ஒரு தடவையாவது முழுதாக வாசியுங்கள். வரலாற்று மலரில் அந்தப் பெயர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

கேள்வி: 1915-க்குப் பிறகு ஏட்டில் ஜெர்மன் ஐயர்மார் கையெழுத்தே இல்லை. பக்கம் கிழிந்துவிட்டதா?

பதில்: தையலை எண்ணிப் பாருங்கள். தையல் முழுதாக இருந்தால் பக்கம் போகவில்லை. முதல் உலகப் போரில், ஜெர்மனியின் லுத்தரன் சங்கமான லைப்சிக் மிஷனின் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு காவலில் வைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பியது. பொறுப்பு சுவீடன் மிஷனுக்கும் நம்மூர் போதகர்களுக்கும் வந்தது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது 1919 ஜனவரி 14.

கேள்வி: எங்கள் ஊரில் லுத்தரன் கோயில்; இரண்டு மைல் தள்ளி தென்னிந்தியத் திருச்சபை. வழி ஒன்றுதானே, பிரிந்தது ஏன்?

பதில்: தஞ்சாவூர்ப் பக்கத்தில் லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த சபைகள், அவர் 1798-ல் காலமான பிறகு, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சங்கத்தின் கைக்குப் போயின. நாகப்பட்டினம், மன்னார்குடி வட்டாரத்தில் மெதடிஸ்டுகள் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவினர் வேலை செய்தார்கள். இவ்விரு வழிச் சபைகளும் 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன, லுத்தரன்கள் சேரவில்லை.

இதில் சொல்லத் தயங்குகிற ஒரு காரணமும் உண்டு. 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பலர் அதை ஏற்க மறுத்து விலகினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், சாதி விஷயத்தில் கடுமை காட்டாத லைப்சிக் மிஷனில் பிறகு சேர்ந்தார்கள். உங்கள் ஏட்டில் குடும்பங்கள் மொத்தமாக ‘வேறு மிஷனிலிருந்து வந்தவர்கள்’ என்று பதிவாகியிருந்தால் இந்தக் கோணத்திலும் பாருங்கள். மலரில் இதை விட்டுவிட்டால் பாதி வரலாறுதான் எழுதினதாகும்.

கேள்வி: ஏடுகள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. லேமினேட் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது; செல்லோ டேப்பின் பசையும் சில வருஷத்தில் பழுத்துத் தாளைக் கறையாக்கும். மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதிக் காட்டுவது இன்னும் மோசம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சான்றாகவே நிற்காது.

மென்மையான பிரஷ்ஷால் நடுத்தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசு தட்டுங்கள். பருத்தித் துணியில் சுற்றி இரும்பு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பீரோ சுவரிலிருந்து அரையடி தள்ளியே நிற்கட்டும், ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்துச் சுவர் ஓதம் இழுக்கும். வெள்ளத்தில் நனைந்த ஏட்டை வெயிலில் போட்டால் தாள் முறுகிவிடும். அச்சில்லாத வெள்ளைத் தாளைப் பக்கங்களுக்கு நடுவே வைத்து, மின்விசிறிக் காற்றில், தாளை மாற்றி மாற்றி உலர்த்த வேண்டும். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும், காலியானதையும் சேர்த்து, கைபேசியை ஸ்டாண்டில் பொருத்தி நேர் மேலிருந்து படம் எடுத்து, ஒரு பிரதியைச் சேகர (பல சபைகள் சேர்ந்த போதக வட்டார) அலுவலகத்திலும் இன்னொன்றை வேறு ஊரிலும் வையுங்கள்.