சாத்தாத கதவும் சில குப்பைகளும்

கேள்வி: நண்பர்கள் 40 பேருக்காக ஒரு மாஸ்டொடான் சர்வர் நடத்துகிறேன் (யார் வேண்டுமானாலும் சொந்தமாக சர்வர் வைத்து மற்ற சர்வர்களோடு இணைத்துக்கொள்ளக்கூடிய சமூக வலைத்தளம் அது). பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து பார்த்தால் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான கணக்குகள், ஊரெல்லாம் அவை போட்ட ஸ்பேம். வேறு சர்வர்கள் பல எங்களை பிளாக் செய்துவிட்டன. இத்தனை சின்ன இடத்தை யார் குறி வைப்பார்கள்? (கோவை வாசகர்)

பதில்: உங்களை யாரும் குறி வைக்கவில்லை. பதிவு செய்யும் வழி திறந்திருக்கிறதா, ஆள் நடமாட்டம் இல்லையா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். பார்ப்பதும் மனிதர் இல்லை, தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்ட்.

2024 பிப்ரவரியில் இதுவேதான் நடந்தது. ஜப்பானில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் சில பதின்வயதுப் பையன்களுக்குள் ஏதோ தகராறு என்று அப்போது செய்தி வந்தது. அதற்காக மாஸ்டொடான் சர்வர்களும், அதோடு இணைந்து இயங்கும் மிஸ்கி சர்வர்களும் பல திண்டாடின. அட்மின் மறந்தே போன சின்னச் சின்ன சர்வர்களாகப் பார்த்து, அர்த்தமில்லாத பெயர்களில் கணக்குத் தொடங்கி, சம்பந்தமே இல்லாதவர்களை டேக் செய்து 'ஸ்பேம்' என்ற பெயரில் விற்கும் டின் இறைச்சியின் படம் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள் (குசும்பைப் பாருங்கள், ஸ்பேமுக்கு ஸ்பேம் படம்). ஒரு கணக்கை முடக்கினால் அடுத்த கணக்கு, ஒரு சர்வரை மூடினால் அடுத்த சர்வர் என்று அது தொடர்ந்தது. படம் போய்ச் சேரும் சர்வரிலும் ஒரு நகல் தங்குமே, அதனால் குப்பை போட்டவனுக்குச் செலவில்லை, டிஸ்க் இடத்துக்குக் காசு கட்டுவது உங்களைப் போன்றவர்கள்தான்.

அதே மாத இறுதியில் வந்த மாஸ்டொடான் 4.2.8 பதிப்பில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். மாடரேட்டர் (பதிவுகளைக் கண்காணிப்பவர்) யாரும் ஒரு வாரத்துக்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை என்றால், திறந்திருக்கும் பதிவு தானாகவே 'ஒப்புதல் தேவை' என்று மாறிவிடும். நீங்கள் போனதோ பத்து நாள். அப்படியென்றால் உங்களிடம் ஓடுவது அதற்கும் முந்தைய பதிப்பாக இருக்கலாம், முதலில் அதைப் பார்த்து மாற்றுங்கள்.

அப்புறம், ஒப்புதல் முறையை நீங்களே போட்டு, 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற பெட்டியைக் கட்டாயமாக்குங்கள். நண்பனாக இருந்தால் 'டேய் நான்தான்' என்று எழுதுவான், அது போதும். வந்த குப்பைக் கணக்குகளை ஐபி (இணைய முகவரி எண்) வாரியாகத் தேடி நீக்குங்கள், அவை பயன்படுத்திய தற்காலிக மின்னஞ்சல் டொமைன்களையும் தடை செய்யுங்கள். கடைசியாக, பிளாக் செய்த சர்வர்களின் அட்மின்களுக்கு 'தப்பு எங்களுடையது, சுத்தம் செய்துவிட்டோம்' என்று எழுதுங்கள். முகவரி அவரவர் அறிமுகப் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒன்று, அவர்கள் முழுத் தடை போட்டிருந்தால் அதை எடுத்தாலும் அறுந்துபோன ஃபாலோ எதுவும் தானாகத் திரும்பாது. உங்கள் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து மறுபடி ஃபாலோ செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: எதற்கு இத்தனை பாடு? பெரிய சர்வர்கள் வைத்திருக்கும் பிளாக் பட்டியலை அப்படியே ஏற்றிக்கொண்டால் என்ன? (இன்னொரு வாசகர்)

பதில்: ஏற்றலாம், பட்டியலை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகப் போடும் வசதி அட்மின் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் எனக்கு அதில் பாதி சம்மதம்தான். 2019-இல் தீவிர வலதுசாரிகள் கூடும் கேப் என்ற தளம் மாஸ்டொடான் மென்பொருளுக்கு மாறியபோது பலரும் யோசிக்காமல் பிளாக் செய்தார்கள், காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பட்டியலில் இருக்கும் எல்லாப் பெயருக்கும் அப்படி ஒரு காரணம் இருக்காது. இரண்டு அட்மின்களின் சண்டையில் உள்ளே போன பெயரும் இருக்கும், உங்களைப் போல ஊருக்குப் போய்விட்டு வந்தவரின் சர்வரும் இருக்கும்! சந்தேகமான இடங்களுக்கு முழுத் தடைக்குப் பதில் 'லிமிட்' போடுங்கள். பொது டைம்லைனில் அவர்கள் தெரிய மாட்டார்கள், ஏற்கெனவே ஃபாலோ செய்தவர்களுக்கு மட்டும் வரும், உறவும் அறாது.

கேள்வி: 40 பேருக்கு எத்தனை மாடரேட்டர் வேண்டும்?

பதில்: இரண்டு. ஒருவர் தூங்கும்போது விழித்திருக்கிறவராக மற்றவர் இருக்க வேண்டும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.