40 நாளுக்குப் பிறகு சறுக்கிய பிரதருக்கு

பிரதர், உபவாசக் கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்த பிறகு 40 நாள் குடிக்கவில்லை, மச்சான் கல்யாணத்தில் மறுபடி சறுக்கிவிட்டேன், விசுவாசம் போதாது என்கிறார் பாஸ்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 40 நாள் பொய்யில்லை.

அமெரிக்காவில் ஆக்ரன் ஊர் டாக்டர் பாப் ஸ்மித் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு ஜெபக்குழுவில் இருந்தார். வேதம் வாசித்தார், ஜெபித்தார், குடித்துக்கொண்டும் இருந்தார். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற இன்னொரு குடிகாரர் எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். அப்புறம்தான் பாப் நிறுத்தினார். அதன் பின்னும் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் விழுந்தார். ஜூன் 10-க்குப் பிறகு, 1950-இல் சாகும்வரை தொடவில்லை. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது இப்படித்தான். அதன் ஆரம்பகால ஆட்கள் விரும்பிப் படித்தது வேதத்தில் உள்ள யாக்கோபு நிருபம். 5:16-ஐப் பாருங்கள், சொஸ்தமடைய ஒருவருக்கொருவர் குற்றத்தை அறிக்கையிடச் சொல்கிறது. நாமோ மேடைக்கு ஓடுகிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறப்பதில்லை.

எனக்கு வாய்த்தது சபையில் ஒரு அண்ணன். சம்பள நாளில் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார். டீ வாங்கித் தருவார், உபதேசம் கிடையாது. மதுக்கடையைத் தாண்டி வீடுவரை கூடவே நடப்பார். எட்டு மாசம் இப்படி.

இன்னொன்று, தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். மறுபடி தினக்குடி ஆகியிருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனம்விட்டுப் பேச உங்களுக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா? பெயர் வேண்டாம், ஆள் உண்டா என்று மட்டும் எழுதுங்கள்.