தெர்மாமீட்டரும் கையுமாக இருக்கும் பெண்ணுக்கு மெடிக்கல் சீட் எதற்கு?

பள்ளி முடித்த பிறகு என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க, போன வாரம் ஒரு குடும்பம் வந்திருந்தது. நாற்காலியில் உட்காரும் முன்பே அப்பா ஆரம்பித்துவிட்டார். "ராத்திரி சரியா தூங்க மாட்டேங்கிறா சார். வெள்ளம், காட்டுத்தீன்னு போனையே பார்த்துக்கிட்டு இருக்கா. உலகமே கொதிக்குது, நான் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு கேக்கறா. மெடிக்கல் சேர்த்துடலாம்னு இருக்கோம், கடனுக்குக்கூடப் பேசியாச்சு. நீங்க சொன்னா கேப்பா." அம்மா பேசவே இல்லை. பள்ளி இறுதியாண்டு படிக்கும் மகள் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நானும் வழக்கம்போல, இந்த வயதில் எல்லோருக்கும் வருகிற பயம்தான் என்று தொடங்கினேன், பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அவள் பயப்படுவதில் பொய் எதுவும் இல்லை. 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டு 2021ல் வெளியான ஆய்வில், 59 சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். 2024ல் மட்டும் வெப்ப அலை, புயல், வெள்ளம் என்று 85 நாடுகளில் குறைந்தது 24 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது, இது யுனிசெஃப் கணக்கு. அந்த ஆண்டு தெற்கு சூடானில் வெயிலுக்குப் பயந்து நாடு முழுவதும் பள்ளிகளை மூடினார்கள், பங்களாதேஷிலும் மூடினார்கள். இதையெல்லாம் படிக்கிற பிள்ளைக்குக் கவலை வராவிட்டால்தான் ஆச்சரியம். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் மெடிக்கல் சீட் அந்தப் பயத்துக்கு மருந்து ஆகாது.

அப்புறம் அந்த நோட்டைக் கேட்டேன். தயங்கித்தான் கொடுத்தாள். நாற்பது நாட்கள், மூன்று பத்திகள். முதல் பத்தியில் தரைத்தள வகுப்பின் வெப்பநிலை, இரண்டாவதில் மேல்மாடி வகுப்பு, இரண்டும் மதியம் 2 மணிக்கு எடுத்தவை. மூன்றாவதில் அந்த நேரம் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை! மேல்மாடி எப்போதும் நான்கைந்து டிகிரி கூடுதல். ஏன் என்று கேட்டேன். "மொட்டைமாடி ராத்திரியில்கூட ஆறமாட்டேங்குது சார், காலையில வந்து சுவரைத் தொட்டாலே வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

அதற்கு மேல் நான் சமாதானம் பேசவில்லை. டாக்டர், கம்ப்யூட்டர் என்று சொல்ல உறவினர்கள் இருக்கிறார்கள், அந்த வழிகளை நான் விளக்க வேண்டியதில்லை. நான் சொன்னது கட்டட இயற்பியல். "கொத்தனார் வேலையா?" என்றார் அப்பா. கோபம் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு கட்டடத்துக்குள் வெப்பம் எப்படி வருகிறது, எங்கே தேங்குகிறது, எப்போது வெளியேறுகிறது என்பதைக் கணக்கிடும் துறை அது. கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுக்க உள்ளே கக்கும். இரவில் ஜன்னலைத் திறந்து காற்றை ஓடவிட்டால் எவ்வளவு ஆறும், கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் எவ்வளவு குறையும், ஈரப்பதம் ஏறினால் வியர்வை ஏன் காய்வதில்லை, 30 பேர் அடைந்து கிடக்கும் அறையில் கரியமில வாயு எவ்வளவு சேரும், இதையெல்லாம் அளந்து, கணினியில் மாதிரி ஓட்டிப் பார்த்து, எதைச் செய்தால் குறைந்த செலவில் தீரும் என்று சொல்ல வேண்டும். அதற்கான எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருளை அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகவே தருகிறது, இன்றைக்கே இறக்கிக்கொள்ளலாம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் காண்டோ என்ற ஊர்ப் பள்ளியைப் பற்றியும் சொன்னேன். அந்த ஊரில் பிறந்த கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கேரே வடிவமைத்தது, 2001ல் கட்டி முடித்தார்கள். மண் கற்களால் சுவர், துளைகள் விட்ட மண் கூரை, அதற்கு மேலே நன்றாக இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. உள்ளே சூடாகிற காற்று துளை வழியே மேலேறி இரண்டு கூரைகளுக்கும் நடுவே போய்விடும். ஏசி கிடையாது. கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் 2022ல் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து, "அந்தத் தகரத்துல மழை பெஞ்சா சத்தம் வராதா சார்?" என்றாள். (எனக்கு இது தோன்றியதே இல்லை.)

"ஏசி போட்டா முடிஞ்சுதே" என்றார் அப்பா. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது? உலகின் மொத்த மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு ஏசிக்கும் மின்விசிறிக்குமே போகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018லேயே சொல்லிவிட்டது. ஏசி இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் சுமார் 1 கோடி மாணவர்களின் மதிப்பெண்களை வைத்து 2020ல் வெளியான ஆய்வின்படி, ஏசி இல்லாத பள்ளியில் அந்த ஆண்டின் வெப்பம் 1 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே கற்றல் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. உங்கள் மகளின் மூன்றாவது பத்தி சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

குறைகளையும் மறைக்கவில்லை. இந்தப் பெயரில் இளநிலைப் படிப்பு எல்லா இடத்திலும் இருக்காது. சிவில், மெக்கானிக்கல், கட்டடக்கலை, இயற்பியல், இவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு முதுநிலையில் இதற்குள் வர வேண்டும். தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலை அளவுக்கு இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். விசேஷ வீட்டில் யாராவது கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடவும் முடியாது, உண்மையில் பல பெற்றோருக்கு இதுதான் உறுத்துகிறது. முதல் பட்டம் சிவிலோ மெக்கானிக்கலோ என்றால், பிறகு மனம் மாறினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

கடன் விஷயத்தில் மட்டும் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். பிள்ளை கேட்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். அவள் உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள், சரி, ஆனால் பாடத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும்மா என்றால் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கூரையைப் பற்றிக் கேட்டால் நிறுத்தவே முடியவில்லை. நடுவில் அவள் விட்டுவிட்டாலும் தவணை நிற்காது, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். பருவநிலை என்று பெயரில் ஒட்டிக்கொண்டு பெருந்தொகை கேட்கிற புதுப் படிப்புகளுக்கும் இதே பதில். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள், அளக்கவும் கணக்குப் போடவும் கற்றுத்தராமல் விழிப்புணர்வு மட்டும் பேசினால் வேண்டாம்.

கடன் தாள்களில் கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள் இருக்கிறதாம். அதற்குள் ஒரு கட்டட ஆலோசகரிடம் அரை நாள் அவளை உட்கார வையுங்கள், நோட்டும் கூடவே போகட்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றார். அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்த மேல்மாடி வகுப்புல அடுத்த வருஷமும் பிள்ளைங்க உட்காரத்தானே போறாங்க?"