தாழ் போடக் கூடாத கதவு

கேள்வி: இங்கிலாந்தின் பழைய சேப்பல்கள் (சிறு ஜெபக்கூடங்கள்) சிலவற்றின் படங்களைப் பார்த்தேன். கோபுரமும் இல்லை, சிலுவையும் இல்லை; வசதியான யாரோ ஒருவருடைய வீடு மாதிரி இருக்கின்றன. காசில்லாமல் அப்படிக் கட்டினார்களா?

பதில்: காசுக்குப் பஞ்சமில்லை. பயம்தான் இருந்தது. அரசுத் திருச்சபையோடு ஒத்துப்போகாதவர்கள் கட்டியவை இவை. 1664-ல் வந்த சட்டப்படி, வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடித் தங்கள் வழியில் ஜெபித்தாலே தண்டனை. 1689-ல் அனுமதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கூட்டம் நடக்கும்போது கதவைப் பூட்டவோ தாழ் போடவோ கூடாது. இப்ஸ்விச்சில் 1700-ல் திறந்த மீட்டிங் ஹவுஸின் (தங்கள் ஜெபக்கூடத்தை அவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்) கதவில், வெளியே யார் வருகிறார்கள் என்று பார்க்க ஒரு துளை இருக்கிறது. தாழ்தான் போடக்கூடாது, எட்டிப் பார்க்கலாமே என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

அந்தக் கட்டடம் வெளியே வெறும் மரச்சட்டமும் சுண்ணாம்புப் பூச்சும்தான். ஆனால் உள்வேலைப்பாட்டில், லண்டனையும் சேர்த்தே, தான் பார்த்தவற்றில் இதுதான் சிறந்தது என்று ‘ராபின்சன் குரூசோ’ எழுதிய டேனியல் டீஃபோ எழுதினார். அவரும் இதே கூட்டத்து ஆள். கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

சரி, உள்ளே என்ன வித்தியாசம்? திருச்சபைக் கோயிலில் கண் நேராகப் பலிபீடத்துக்குப் போகும். இங்கே காதுக்குத்தான் முதல் மரியாதை. அதனால் பல மீட்டிங் ஹவுஸ்களில் பிரசங்க பீடம் நீளச் சுவரின் நடுவில் இருக்கும். மற்ற மூன்று பக்கமும் கேலரி, அதாவது மாடி இருக்கைகள். பைபிளை வாசிக்க வெளிச்சம் வேண்டும், ஆகவே வண்ணக் கண்ணாடி இல்லாத பெரிய ஜன்னல்கள்.

இந்தக் கணக்கை முழுசாகப் போட்டவர் கட்டடக் கலைஞர் தாமஸ் ஐவரி. நாரிச்சில் 1756-ல் அவர் கட்டி முடித்த எண்கோண சேப்பலை அடுத்த வருடமே, மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி வந்து பார்த்தார். ஐரோப்பாவிலேயே இதுதான் ஆக நேர்த்தியானதோ என்று வியந்தார். இருக்கைக் கதவுகளின் கொக்கிகூட மெருகேற்றிய பித்தளை என்பதையும் கவனித்து எழுதினார். உடனே ஒரு குத்தல்: பழைய முரட்டுச் சுவிசேஷத்துக்கு இங்கே எப்படி இடம் கிடைக்கும்? ஆனால் ஆளை அந்த வடிவம் விடவில்லை. இடம் அனுமதித்தால் எண்கோணமாகவே கட்டுங்கள், குரலுக்கு அதுதான் நல்லது என்று 1770-ல் மெதடிஸ்டுகளுக்குச் சொன்னவரும் அவர்தான்.

குரல் விஷயத்தை நானே சோதித்துப் பார்த்தேன். நாரிச்சுக்குப் போயிருந்தபோது கேலரியின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கீழே, சுற்றிக்காட்டிய அம்மாள் சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். அந்தச் சத்தம் என் பக்கத்து இருக்கையில் விழுந்த மாதிரி கேட்டது. அப்புறம், “நேரமாச்சு, இவர் எப்போது இறங்குவார்?” என்று யாரிடமோ மெல்லக் கேட்டதும் கேட்டது.