தூணும் திரையும் புத்தகமும்

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவைத் துப்புரவு செய்தபோது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. முட்டை வடிவ வளையத்துக்குள் ஒரு வெள்ளைக்காரர், பக்கவாட்டு முகம், தோளில் ஒரு துணி மட்டும். கீழே கல்வெட்டுப் போல எழுத்துகள். இவர் பணக்காரரா, படித்தவரா?
வாசகி, பொகவந்தலாவ

பதில்: நீங்கள் அனுப்பிய போட்டோவில் படத்தைச் சுற்றி அமுங்கிய தடம் தெரிகிறது. செம்புத் தகட்டில் செதுக்கி, மை பூசித் துடைத்து, ஈரத்தாளோடு சேர்த்து உருளையில் அழுத்தும்போது விழும் தடம் அது.

பக்கவாட்டு முகம் ரோமானிய நாணயங்களின் பாணி. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியை 1748இல் தோண்டத் தொடங்கியபின் ஐரோப்பாவில் பழைய ரோம் மீது பெரும் மோகம் பிறந்தது. சரிகைக் கோட்டும் பவுடர் பூசிய பொய்முடியும் பதவியைச் சொல்லும். அவற்றைக் களைந்து ரோமானியத் துணியைப் போர்த்திக்கொண்டவர், தன்னை லத்தீன் கற்றவராகக் காட்டுகிறார். லத்தீன் படிக்க வசதியும் ஓய்வும் வேண்டுமே! ஆகவே அந்த எளிமைக்குள்ளும் அந்தஸ்து இருக்கிறது.

1777இல் பாரிஸில் செந்தோபன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் செதுக்கிய, அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினின் படத்தைத் தேடிப் பாருங்கள். பொய்முடி இல்லை; தலையில் மென்மயிர்த் தொப்பி, மூக்கில் கண்ணாடி. பிரபுக்கள் நடுவே அந்தக் கோலம்தான் அவரை ஞானியாகக் காட்டியது.

பிரபுக்களின் ஓவியங்களில் அந்தஸ்தைக் காட்ட வரைந்த தூண், திரை, புத்தகம் ஆகியவை பிறகு போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் வந்தன. ஹட்டனில் எடுத்த என் அப்பாவின் படத்தில் பின்னால் வரைந்த தூண், கையில் தடித்த புத்தகம். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் விரலை ஒரு பக்கத்துக்குள் வைத்து, இப்போதுதான் நிறுத்தியவர் போல நிமிர்ந்து நிற்கிறார். அந்த நிமிர்வு எனக்கு எந்தப் பிரபுவின் படத்தையும்விடப் பெரிது.

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. பிராங்க்ளின் படத்தின் கீழே பெயர், பிறந்த ஊர், திகதி எல்லாம் இருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்துச் சிலோன் தபாலட்டைகளில் நம் பெண்கள் வெறும் ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்பவள்’. செதுக்கிய எழுத்தில் பெயர் பெறுவதே அன்று முதல் மரியாதை. அது நம்மவருக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் படத்தில் வழக்கப்படி இடது ஓரத்தில் ஓவியர் பெயரும் வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் இருக்கும். நடுவில் உள்ளதுதான் படத்தில் இருப்பவரின் பெயர். அந்த எழுத்துகளைக் கிட்ட வைத்து இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். பிறகு தாளைப் பிரிக்கவே முடியாது.