இலை தளதளவென்று இருக்கிறது, வாசம் எங்கே?

கேள்வி: தொட்டியில் துளசியும் புதினாவும் வைத்திருக்கிறேன். இலை நன்றாகப் பெருத்து வருகிறது, ஆனால் கசக்கிப் பார்த்தால் வாசமே இல்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். உங்கள் செடிக்குக் கவனிப்பு கூடிப்போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புதினா இலையின் அடிப்பக்கத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், பொடிப்பொடியாக மினுங்கும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். வாசம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, லேசாகத் தடவினாலே உடைந்துவிடும், அதனால்தான் கை பட்டதும் மணக்கிறது. கறிவேப்பிலையில் இந்தப் பைகள் இலைக்குள் புதைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தினாற்போலத் தெரியும்.

பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்கத்தான் செடி இந்த எண்ணெயைச் சேர்த்துவைக்கிறது. தழைச்சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்து, பாதி நிழலில் சொகுசாக வளர்த்தால் இலை மளமளவென்று விரியும், எண்ணெய் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. நாளைக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். துளசிக்கு மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். புதினாவை அப்படிக் காயவிட வேண்டாம், ஈரம் இருக்க வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள், புதினா மண்ணுக்கடியில் தண்டு ஓட்டி மற்றதை நெருக்கிவிடும். பூங்கதிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வெடித்துப் புது இலை வரும். பறிப்பது காலையில், பனி உலர்ந்ததும்.

கேள்வி: 100 கிராம் கொத்தமல்லித் தழையில் இவ்வளவு சத்து, துளசியில் இவ்வளவு சத்து என்று பட்டியல் போடுகிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: பட்டியல் பொய்யில்லை. ஆனால் ஒரே வேளையில் 100 கிராம் கொத்தமல்லியை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு கைப்பிடி 10 கிராம் இருந்தால் அதிகம், அந்த அளவில் புரதமும் இரும்பும் கணக்கில் எடுக்கும்படி வராது. வைட்டமின் கே மட்டும் விதிவிலக்கு. கொத்தமல்லியில் 100 கிராமுக்குச் சுமார் 310 மைக்ரோகிராம் இருப்பதால் 10 கிராமிலேயே 30 கிடைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமென்று சொல்லப்படுவதே 90 முதல் 120 வரைதான். வைட்டமின் கே ரத்தம் உறைய உதவும் சத்து, அதனால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரை, தழை சாப்பிடும் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், சத்து வேறு, மணப்பொருள் வேறு. துளசியின் யூஜினால், கற்பூரவள்ளியின் கார்வக்ரால் எல்லாம் ஆவியாகிப் பறந்துவிடும் ரகம், திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், குவளையில் ஒன்றும் மிஞ்சாது. அடுப்பை அணைத்துவிட்டு இலையைப் போட்டு மூடிவையுங்கள். புதினா, துளசி இரண்டிலும் ரோஸ்மரினிக் அமிலம் என்று ஒன்று உண்டு, அது ஆவியாகாது, தண்ணீரில் இறங்கிவிடும். இவையெல்லாம் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை, கிருமியை அடக்குபவை என்பது சோதனைக்கூடத்தில் பார்த்த உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொன்றது உடம்புக்குள் போயும் அதே வேலையைச் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. உணவுப் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன்படி வரிசைப்படுத்திய ஓராக் பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, அந்த எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதால். இன்னமும் அந்த எண்களைக் காட்டித் தூள் விற்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: இலையைக் காயவைத்து வைத்துக்கொள்ளலாமா? எண்ணெயாகவே வாங்கிச் சாப்பிட்டால் நல்லதா?

பதில்: காயவைக்கலாம், நிழலில், காற்றோட்டமாக. வெயிலில் போட்டால் எண்ணெய் பறந்து, பச்சையும் வெளுத்துவிடும். எப்படிக் காயவைத்தாலும் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும், அதற்குப் பச்சை இலைதான். வடித்தெடுத்த எண்ணெயை மட்டும் வாயில் வைக்காதீர்கள். கிலோக்கணக்கான இலையின் எண்ணெய் சில மில்லியில் அடங்கிவிடுகிறது, அதை இலையோடு ஒப்பிடவே முடியாது. யூகலிப்டஸ் எண்ணெயைக் குழந்தைகள் சிறிதளவு விழுங்கினாலே வலிப்பு வரை போகலாம், கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: கொத்தமல்லி விதைத்து மூன்று வாரமாகிறது, முளைக்கவில்லை.

பதில்: முழுதாகப் போட்டிருப்பீர்கள். நாம் விதை என்பது உண்மையில் காய், உள்ளே இரண்டு விதை இருக்கும். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, வளரப்போகும் தொட்டியிலேயே நேரடியாக விதையுங்கள். ஆணிவேர் உள்ள செடி, பிடுங்கி நட்டால் பொறுக்காது. வெயில் சுட்டெரிக்கும் மாதத்தில் போட்டால் தழை விடாமல் சீக்கிரமே பூத்துவிடும், கொஞ்சம் குளிர்ந்ததும் போடுங்கள்.