அண்டி உடைத்த கைக்கு ரேகை எங்கே?

கேள்வி: கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்த்த என் அம்மாவுக்கு 71 வயது. இரண்டு மாதமாக பிஎஃப் பென்ஷன் வரவில்லை. உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனால் கைரேகை விழவில்லை. 500 ரூபாய் தந்தால் முடித்துத் தருவதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் ரேகையைத் தின்றுவிடும் என்று நம் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றுத் திட்டத்தைத் தொடங்கியவர்கள் யாரையும் கேட்கவில்லை போலிருக்கிறது. முகத்தை வைத்துச் சான்று தரும் வசதி வர 2021 ஆனது. அது உங்கள் அம்மாவுக்கும் உண்டு.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகளையும் ஏற்றுங்கள். முதலில் உங்கள் ஆதார், அப்புறம் அம்மாவின் ஆதார், பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எண், வங்கிக் கணக்கு. முகத்தில் வெளிச்சம் விழ உட்கார வைத்துக் கண் சிமிட்டச் சொல்லுங்கள்.

போன் மக்கர் செய்தால் தபால்காரரைக் கூப்பிடுங்கள். அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியோடு பிஎஃப் நிறுவனம் 2025 நவம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து சான்று எடுப்பார்கள், செலவு பிஎஃப் நிறுவனத்துடையது. இது இலவசம் என்று பிஎஃப் நிறுவனம் ஒரு போர்டு வைத்திருந்தால் அந்த 500 ரூபாய்க் கடைக்கு வேலையே இல்லை.

பொது சேவை மையம் என்றாலும் போர்டுதான் அரசுடையது, கடை தனியாருடையது. ரசீது கேளுங்கள். பிபிஓ நகலை விட்டுவிட்டு வராதீர்கள். "பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம்" என்று போனில் ஓடிபி கேட்பவர் திருடர்தான். "நவம்பர் தாண்டினால் போச்சு" என்று மிரட்டுபவரையும் நம்பாதீர்கள். பிஎஃப் பென்ஷனுக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அப்பா இறந்து அவருடைய குடும்பப் பென்ஷனும் அம்மாவுக்கு வருகிறதா? அப்படியானால் பிபிஓ இரண்டு, சான்றும் இரண்டு. முகம் ஒன்றுதானே என்று ஒன்றோடு விட்டால் மற்றது நின்றுவிடும். ஒவ்வொரு பிபிஓ எண்ணுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

போனுக்கு வரும் பிரமாண் எண், சான்று போய்ச் சேர்ந்ததற்குத்தான் அடையாளம். ஏற்றார்களா என்பதைச் சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் பாருங்கள். தள்ளியிருந்தால் பிபிஓவோடு நாகர்கோவில் பிஎஃப் அலுவலகத்துக்குப் போங்கள். நின்ற மாதங்களின் பாக்கியும் வந்துவிடும். அதற்கு யாருக்கும் கமிஷன் கிடையாது.